பெஞ்சில் ஏழு பேர்

அந்தப் பெயிண்ட் ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசிலக்கா என்றால்தான் தெரியும். சின்ன வயதில் இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஒரு சீழ்க்கை அடித்தால் நாலு தெரு நாய்களும் எழுந்து நிற்குமாம். அப்போது ஒட்டிக்கொண்ட பெயர் அது. பகலில் ஸ்டோரில் மேற்பார்வையாளர் வேலை. நாலரை மணிச் சங்கு ஊதியதும் பின்பக்கத்துக் கூடைப்பந்து மைதானம், பெண்கள் அணிக்குக் கோச். மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலி டிரம் அடுக்கும் முற்றத்தில் பாதிக்குச் சிமென்ட் போட்டு, நிறம் சரியில்லை என்று திரும்பி வந்த பச்சைப் பெயிண்டை அதன்மேல் பூசி, இரண்டு கம்பம் நட்டிருந்தார்கள். மழை பெய்தால் வழுக்கும். வெயில் அடித்தால் தின்னர் வாடை ஆளைத் தூக்கும்.

பதினோரு வருடம் அவளும் ஊரிலிருக்கிற மற்ற கோச்சுகளைப் போலத்தான் இருந்தாள். நன்றாக ஆடுகிற ஐந்து பேர். அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் கை தட்டவும் நாலு பேர். அந்த நாலு பேருக்கும் எந்த ஆட்டத்திலும் உடை வியர்வையில் நனைந்ததில்லை. ஐந்து பேரில் முதல் ஆள் அவளுடைய சொந்தத் தங்கை. பின்னாலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வந்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடம் அவளுடையது. அவள் இல்லாவிட்டால் மற்ற நாலு பேரும் சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆலைகளுக்கு இடையிலான கோப்பையில் அரையிறுதி. முந்தின நாளே தங்கையின் இடது முட்டி வீங்கியிருந்தது. பெஞ்சில் அவள் இடத்துக்கு ஆளே கிடையாது. விசிலக்கா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த தங்கையின் பக்கத்தில் போய்க் குனிந்து, “முடியுமா?” என்று கேட்டாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். “முடியும்க்கா.”

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தபோது, பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத வெற்றிடத்தில், குதித்து இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தசைநார் முழுவதுமாக அறுந்திருந்தது. ஒரு ஆபரேஷன் ஆனது, பிறகு இன்னொன்று. நாள் முழுக்க நின்றுகொண்டே கலவை இயந்திரம் பார்த்தவளை டெலிபோன் மேஜைக்கு மாற்றினார்கள். நடையில் ஒரு இழுப்பு தங்கிவிட்டது.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், மாடியில் இரண்டு அறை. பதினெட்டுப் படி. தங்கை ஒவ்வொரு படியாக, ஒரு காலை வைத்து மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, இறங்குவாள். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கக் காலையில் விசிலக்கா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தங்கை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பேச்செல்லாம் பால் வந்ததா, துணி காய்ந்ததா என்பதோடு நின்றது. பந்து என்ற சொல் அந்த வீட்டில் செத்துப்போயிற்று.

‘முடியுமா’ என்று கேட்டதுதான் தப்பு என்று விசிலக்காவுக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பெஞ்சில் மாற்று ஆளில்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பதில் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

கோச் வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு பிரிவாக ஆள் தேடிக் கிளம்பினாள். அரைவைப் பிரிவில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி வந்தாள். ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு, கழுத்தும் நீளம், வந்த அன்றே கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. லேபிள் ஒட்டும் பகுதியில், முப்பது வயது தாண்டிய, இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தி இருந்தாள். லேபிள் தீர்ந்ததும் காலி உருளையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பன்னிரண்டு அடி தள்ளியிருந்த குப்பைக் கூடையில் எறிவாள். விசிலக்கா ஒளிந்து நின்று எண்ணினாள். பதினேழு எறிந்ததில் ஒன்றுதான் வெளியே விழுந்தது.

“பந்து ஆடியிருக்கியா?”

“பள்ளிக்கூடத்துல ஆடினது. ஏன்க்கா, குப்பை கீழ விழுதுன்னு யாராவது புகார் சொன்னாங்களா?”

இப்படித்தான் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

பழைய முறையைத் தூக்கிக் கடாசினாள். முதல் ஐந்து என்று யாரும் இல்லை. பயிற்சிக்கு இரண்டு அணி பிரிக்கும்போது நல்லவர்களை ஒரு பக்கம் வைக்காமல் தினமும் கலைத்துப் போட்டாள். ஒவ்வொருத்தியும் இரண்டு இடத்தில் ஆடப் பழக வேண்டும். நாற்பது நிமிட ஆட்டத்தில் எவளும் இருபத்தெட்டு நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. பயிற்சியில் முதல் இருபது நிமிடம் பந்தே கிடையாது. மரப்பலகை மேலிருந்து குதித்து, இரண்டு காலும் சேர, முட்டி மடங்க, சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

“ஊர்ல எல்லாக் கோச்சும் குதிக்கச் சொல்லித் தருவாங்க. நம்ம அக்கா கீழ இறங்கச் சொல்லித் தர்றாங்க” என்றாள் கொக்கு. எல்லாரும் சிரித்தார்கள். விசிலக்கா சிரிக்கவில்லை.

முதல் வருடம் ஆறு ஆட்டத்தில் நாலு தோல்வி. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், ஆறு பாயின்ட் முன்னால் இருக்கும்போது, லேபிள்காரியை உள்ளே அனுப்புவாள். லேபிள்காரிக்கு எறியத்தான் தெரியும். எதிராளி இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு மேலே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு யார் கையிலாவது பந்தைத் திணித்துவிடுவாள். அது பல சமயம் எதிராளியின் கையாக இருக்கும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஊளையிடும். அவள் பெஞ்சுக்குத் திரும்பித் துண்டால் முகத்தை மூடிக்கொள்வாள். அடுத்த ஆட்டத்தில் விசிலக்கா மறுபடியும் எட்டு நிமிடம் அவளை அனுப்புவாள்.

பணியாளர் பிரிவு மேலாளர்தான் அணிக்கும் பொறுப்பு. அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“இது என்ன பள்ளிக்கூட ஆண்டு விழாவா, எல்லாப் பிள்ளைக்கும் மேடையில ஒரு வேஷம் குடுக்க?”

“இப்ப பழகலன்னா, யாருக்காவது அடிபடற அன்னைக்கு அவங்க ஆட முடியாது சார். பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கறவங்களுக்கு கால் மட்டுமா மரத்துப்போகுது, தைரியமும்தான்.”

“அடிபட்டா பார்த்துக்கலாம்மா. உப்புக்குச் சப்பாணியா ஏழு பேரை வச்சுகிட்டு—” சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். டெலிபோன் மேஜை அவர் அறைக்கு வெளியேதான் இருந்தது. கதவும் திறந்திருந்தது. விசிலக்கா வெளியே வந்தபோது தங்கை யாருக்கோ லைன் இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

தங்கை விட்டுப்போன இடத்துக்கு வந்தவள் சிட்டு. இருபத்துநாலு வயது. அஞ்சடிதான். ஆனால் பந்து அவள் கையில் இருந்தால் எதிராளிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. மூன்று வருடமாகத் தற்காலிகப் பணியாளர். பிராந்திய அணிக்குத் தேர்வானவர்களை ஆலை நிரந்தரம் செய்யும் என்பது எழுதாத சட்டம். அவளுடைய ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. வயதான அம்மாவுக்கு அவள் ஒருத்திதான் துணை. ஆக, ஒவ்வொரு ஆட்டத்திலும் தேர்வாளர் கண்ணில் படுகிற ஒவ்வொரு நிமிடமும் அவளுக்கு உயிர்.

“என்னை வெளிய எடுத்துட்டு அவங்களை அனுப்பறீங்களேக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று ஒரு நாள் நேருக்கு நேராகவே கேட்டாள்.

“தப்புக்கு தண்டனை இல்ல இது. உன் காலை ரொம்ப நாளைக்கு பத்திரமா வச்சுக்கறதுக்கு.”

“காலை பத்திரமா வச்சு நான் என்ன பண்றது? ஆடத்தானே கால்?”

பெஞ்சில் காத்திருப்பவளுக்கும் நியாயம் இருக்கிறது, உள்ளே ஆடத் துடிப்பவளுக்கும் நியாயம் இருக்கிறது. நடுவில் கடிகாரத்தில் இருப்பது நாற்பதே நிமிடம்.

இரண்டாம் வருடக் கோப்பை நாலு நாளில் நாலு ஆட்டம். முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. இரண்டாம் நாள் கால் இறுதியில் கொக்குவின் சுண்டு விரல் உடைந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் அதோடு ஆட்டம் குளோஸ். இந்த முறை அரைவைப் பிரிவிலிருந்து வந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றி ரிங்குக்குக் கீழே நின்று அவள் இடத்தை மூடினார்கள். யாரும் பதறவில்லை. ஒன்பது பாயின்ட்டில் ஜெயித்தார்கள். அன்றைக்குத்தான் பெஞ்சில் இருந்தவர்கள் தங்களையே ஒரு மாதிரி புதிதாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, தங்கியிருந்த விடுதியின் படிக்கட்டுக்குக் கீழே விசிலக்கா நின்றிருந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சிட்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, இறங்கினாள். விசிலக்கா பார்ப்பதைக் கவனித்ததும் கடைசி மூன்று படியை ஓடி இறங்கி, “பசிக்குதுக்கா” என்று சிரித்தாள். விசிலக்கா வழியை மறித்து நின்றாள்.

“ஷூவைக் கழட்டு.”

“எதுக்குக்கா?”

“கழட்டும்மா.”

இரண்டு சாக்ஸ் போட்டு, உள்ளே துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கட்டைப் பிரித்ததும் கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் புடைத்து நின்றது. முந்தின நாள் கடைசி நிமிடத்தில் யாருடைய காலின்மேலோ இறங்கியிருக்கிறாள். வாயே திறக்கவில்லை.

“இன்னைக்கு தேர்வாளருங்க மூணு பேர் வர்றாங்கக்கா. இன்னைக்கு ஒரு நாள். நாளைக்கு நான் நொண்டியாப் போனாலும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டேன்.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, “என்னால முடியுமான்னு கேளுங்க. நான் சொல்றேன்” என்றாள்.

“நான் கேட்கப் போறதில்ல” என்றாள் விசிலக்கா. “நீ இன்னைக்கு ஆடல.”

செய்தி மேலாளர் காதுக்குப் போனதும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் ஒரு ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் வலி தெரியாது என்றார். அந்தப் பெண்ணே சம்மதம் சொல்லும்போது இவளுக்கு என்ன வந்தது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிட்டுவுடைய பிழைப்பு அந்த ஒரு ஆட்டத்தில்தான் தொங்கியது. விசிலக்கா ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, சிட்டுவின் பெயரை அடித்து, கையெழுத்துப் போட்டு அமைப்பாளர்கள் மேஜையில் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி நடக்கும்போது சட்டைப் பையில் கையை நுழைத்துக்கொண்டாள்.

அன்று எதிரே நூற்பாலை அணி. முதல் ஐந்து நிமிடம் பார்க்கச் சகிக்கவில்லை. சிட்டு இல்லை என்று தெரிந்ததுமே அவர்கள் பந்து கொண்டுவருகிறவளின் மேல் இரண்டு இரண்டு பேராகப் பாய்ந்தார்கள். லேபிள்காரி மூன்று முறை பந்தைத் தொலைத்தாள். பதினொன்றுக்கு இரண்டு. கூட்டம் பழையபடி ஊளையிட ஆரம்பித்தது. பெஞ்சின் கடைசியில், காலை ஐஸ் பையின்மேல் நீட்டிக்கொண்டு, சிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசிலக்கா ஆட்டத்தை நிறுத்தக் கேட்டாள். ஐந்து பேரும் மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

“சிட்டு மாதிரி ஆடப் பார்க்காதீங்க. நம்மள்ல யாராலயும் முடியாது. ஒருத்தி தட்டிகிட்டு வர வேண்டாம், மூணு பேரா கொண்டு வாங்க. ரெண்டு பேர் உன் மேல வந்தா அங்க ஒருத்தி சும்மா நிக்கறான்னுதானே அர்த்தம்? கண்ணைத் திறந்து அவளைத் தேடு.”

“கண்ணைத் திறந்தா பயமா இருக்குக்கா” என்றாள் லேபிள்காரி.

“பயந்துகிட்டே தேடு.”

அப்படியே செய்தார்கள். அழகான ஆட்டம் இல்லை அது. ஆளுக்கு இரண்டு தட்டு, ஒரு பாஸ், மறுபடி ஒரு பாஸ். நாலு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே. பாதி ஆட்டத்தில் ஒன்பது பாயின்ட் பின்னால் இருந்தார்கள். ஆனால் நூற்பாலையில் ஆடியது ஆறே பேர். கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு மூலையிலிருந்து லேபிள்காரி எறிந்தாள், கண்ணைத் திறந்துகொண்டுதான். ஐம்பத்துநாலுக்கு ஐம்பத்தொன்று. ஜெயித்துவிட்டார்கள். அரைவைப் பிரிவுக்காரிகள் லேபிள்காரியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். விசிலக்கா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தபோது ஐஸ் பை மட்டும் கிடந்தது. சிட்டு எழுந்து போயிருந்தாள்.

இறுதி ஆட்டத்தில் பத்தொன்பது பாயின்ட்டில் தோற்றார்கள். எத்தனை பேர் இருந்தாலும் சமாளிக்க முடியாத அணி அது. தேர்வாளர்கள் பெயிண்ட் ஆலையிலிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் சிட்டுவை டாக்டரிடம் விசிலக்காவே கூட்டிப்போனாள். டாக்டர் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, “சாதாரணச் சுளுக்குதான். மூணு வாரத்துல சரியாயிடும்” என்றார்.

“அன்னைக்கு ஆடியிருந்தா?” என்று கேட்டது சிட்டு.

அவர் தோளைக் குலுக்கினார். “ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம். அறுந்தும் போயிருக்கலாம். ஆடாததை வச்சு நான் எப்படிம்மா சொல்றது?”

ஆஸ்பத்திரி வாசலில் சிட்டு, “எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் நடந்து போனாள். கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிந்தது. விசிலக்கா மேலாளரிடம் போய் நின்றாள், எழுதிக் கொடுத்தாள், ஸ்டோரிலாவது ஒரு இடம் போடுங்கள் என்று கெஞ்சினாள். “அன்னைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது” என்றார் அவர். சிட்டு குடியிருந்த வீட்டுக்கும் ஒரு தரம் போனாள். அம்மா கதவைத் திறந்து, “தூங்கறாம்மா” என்றார். உள்ளே டிவி சத்தம் கேட்டது, சிட்டு ஏதோ சொல்லிச் சிரிக்கிற குரலும் கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள். தங்கை எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவ பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்” என்றாள் விசிலக்கா. “வெறும் சுளுக்காம். உன்னை நினைச்சுகிட்டே அவளை உட்கார வச்சேன். அவ காலா அது, உன் காலான்னு எனக்கே தெரியல.”

தங்கையின் கத்தி நின்றது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சு அந்த வீட்டில் வந்திருக்கிறது. அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

“என்னை அன்னைக்கு நீ உட்கார வச்சிருந்தா, நானும் உன்னோட பேசியிருக்க மாட்டேன். ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்.”

விசிலக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆனா நல்லா நடந்துகிட்டே பேசாம இருந்திருப்பேன்” என்றாள் தங்கை. குரல் உடைந்தது. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் தங்கை, “அதுக்காக நீ பண்ணினது எல்லாம் சரின்னு சொல்லல. அந்தப் பொண்ணுக்கும் வயிறு இருக்கு. முன்னாடியே அவளைத் தேர்வாளர் கண்ணுல காட்டற மாதிரி நிமிஷத்தைப் பிரிச்சிருக்கலாம். யாரும் வராத ஆட்டத்துல அவளுக்கு ஓய்வு குடுத்திருக்கலாம். உனக்கு அது தோணல” என்றாள்.

உண்மைதான். தோன்றவில்லை. கால்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாளே தவிர, அந்தக் கால்கள் எங்கே போக வேண்டியிருந்தன என்று அவள் யோசிக்கவில்லை. அடுத்த வருடத்துக்கு ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருத்தியிடமும் வயது, உயரம், பழைய அடி என்று கேட்டவள், நிரந்தரமா தற்காலிகமா, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டாள். தேர்வாளர் வருகிற நாட்களை முன்கூட்டியே விசாரித்து வைத்தாள். அதற்காகவும் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்திக்குக் கொடுக்கிற நிமிடம் இன்னொருத்தியிடமிருந்து எடுத்ததுதானே.

ஏழு மாதம் கழித்து, சிட்டு வேறு ஊரில் ஒரு டயர் ஆலையில் சேர்ந்து, அங்கேயே நிரந்தரமும் ஆகிவிட்டதாகக் கொக்கு வந்து சொன்னாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முழு நாற்பது நிமிடம் ஆடுகிறாளாம், அங்கே மாற்று ஆள் கிடையாதாம். விசிலக்காவுக்குச் சந்தோஷம் பாதி, திகில் பாதி. ஸ்டோரில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவளுடைய எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அரை மணி விட்டு இன்னொரு தடவை போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. சங்கு ஊதியது. டெலிபோன் மேஜையிலிருந்து எழுந்து வந்த தங்கை கதவோரம் நின்று, “மைதானத்துக்குத்தானே? நானும் வர்றேன், மெதுவா நட” என்றாள்.